அரசு கதவடைக்கும் நாள்

மழை பொய்க்கும் ஆண்டினை எண்ணி உழவன் விதைநெல்லைக் காத்து வைக்கிறான். கடல் சீறும் பருவத்தை எண்ணி மீனவன் கருவாட்டை உலர்த்தி வைக்கிறான். இயற்கையின் சினத்திற்கு முன்கூட்டியே ஆயத்தமாதல் மனிதன் தொன்றுதொட்டுக் கற்று வந்த பாடமாகும். ஆனால், தனக்கு ஊதியம் வழங்கும் அரசே ஒரு நாள் கதவை அடைத்து விடக்கூடும் என்றெண்ணி, அவ்வரசின் ஊழியர்களே வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் குழந்தையின் பாலுக்கும் பணம் ஒதுக்கி வைக்கும் வழக்கம் வரலாற்றில் மிகப் புதியது. அவ்வழக்கம் வேரூன்றியது வறுமையுற்ற நாடொன்றில் அன்று. செல்வத்தால் உலகின் முன்வரிசையில் நிற்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேதான்.

அரசு முடக்கம் என்று இன்று செய்தித்தாள்கள் குறிப்பிடும் இந்நிகழ்ச்சி, போரினாலோ கலகத்தினாலோ விளைவதன்று. கருவூலம் வறண்டு போவதாலும் நேர்வதன்று. பணம் இருக்கிறது, அதைச் செலவிடுவதற்கான சட்டம் இல்லை. இவ்வொரு காரணத்தால் இலட்சக்கணக்கான ஊழியர்கள் வீட்டிற்கு அனுப்பப்படுகின்றனர். இன்னும் பல இலட்சம் பேர் ஊதியமின்றிப் பணியாற்றப் பணிக்கப்படுகின்றனர். இந்நிலை எவ்வாறு தோன்றியது, அதற்கு ஊழியர்கள் எவ்வாறு தங்களை ஆயத்தம் செய்துகொள்ளக் கற்றனர், அக்கல்வியின் விலையைக் கொடுத்தவர் யார் என்பனவற்றை ஆராய்வது, அரசுக்கும் ஊழியனுக்கும் இடையேயுள்ள உறவின் இயல்பை அறியத் துணை செய்யும்.

சட்டத்தின் வேர்

1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிற்கூடி அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தோர், முடியாட்சியின் தன்னிச்சைப் போக்கினை நன்கறிந்தவர்கள். மக்கள் செலுத்தும் வரிப்பணம் ஆட்சித் தலைவரின் விருப்பத்திற்கேற்பக் கரைந்து போகலாகாது என்பதில் அவர்கள் உறுதியாக நின்றனர். எனவே, சட்டத்தின் வழி ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து எப்பணமும் எடுக்கப்படலாகாது என்னும் விதியை அரசியலமைப்பின் முதற் பிரிவிலேயே பொறித்து வைத்தனர். பணப்பையின் கயிறு மக்கள் மன்றமாகிய காங்கிரசின் கையில் இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

ஆயினும், விதியை வகுப்பது எளிது. அதனைக் காப்பது அரிது. 19ஆம் நூற்றாண்டில் அரசுத் துறைகள் பல, ஆண்டு முழுமைக்கும் வழங்கப்பட்ட பணத்தைச் சில திங்களிலேயே செலவிட்டு முடித்து விடுவதுண்டு. பின்னர்க் காங்கிரசின் முன் வந்து, “பணி பாதியில் நிற்கிறது; ஊழியர்கள் ஊதியமின்றி உழைத்துக்கொண்டிருக்கின்றனர்; அவர்களைப் பட்டினி போடுவீர்களோ?” என்னும் முறையில் வேண்டி நிற்பர். மறுக்க வழியின்றிக் காங்கிரஸ் பணத்தை வழங்கும். ஊழியரின் ஊதியமற்ற உழைப்பு, மக்கள் மன்றத்தின் கையை முறுக்கும் கருவியாகப் பயன்பட்டது.

இத்தீய வழக்கத்தை ஒழிக்கும் பொருட்டு 1870ஆம் ஆண்டில் ஒதுக்கீட்டை மீறிச் செலவிடுதலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1884ஆம் ஆண்டில் அத்துடன் மற்றொரு விதி சேர்க்கப்பட்டது. மனித உயிருக்கோ உடைமைக்கோ இடர் நேரும் அவசர வேளைகளில் அன்றி, எவரிடமிருந்தும் அரசு இலவசமாகப் பணியைப் பெறலாகாது என்பதே அவ்விதி. 1905, 1906ஆம் ஆண்டுகளில் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அறிந்தே அதனை மீறும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரையில் அபராதமும் ஈராண்டு வரையில் சிறையும் விதிக்கலாம் என்பது இன்றும் ஏட்டில் உள்ள விதியாகும். ஊழியனை இலவச உழைப்பினின்றும் காப்பதுபோல் தோன்றும் இச்சட்டம், உண்மையில் கருவூலத்தைக் காக்கவே பிறந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவை அனைத்தும் இதனின்றும் கிளைத்தவையே.

ஒரு கருத்துரை செய்த மாற்றம்

சட்டம் இருந்தபோதிலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எந்த அலுவலகமும் அதனைக் காரணங்காட்டிக் கதவடைக்கவில்லை. 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நிதியாண்டுத் தொடக்கம் ஜூலை முதல் நாளிலிருந்து அக்டோபர் முதல் நாளுக்கு மாற்றப்பட்டது. அதற்குள் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் நிறைவேறாமற் போன வேளைகள் அப்பத்தாண்டில் பலமுறை ஏற்பட்டன. அக்காலங்களில் அதிகாரிகள் பயணங்களைக் குறைத்தனர். புதிய கொள்முதல்களை நிறுத்தி வைத்தனர். ஆனால், ஊழியர்கள் வழக்கம்போல் அலுவலகம் வந்தனர். இன்றில்லாவிடில் நாளை காங்கிரஸ் பணத்தை ஒதுக்கும் என்னும் நம்பிக்கையில் ஆட்சி நடைபெற்றது.

அந்நம்பிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஒரு சட்டக் கருத்துரை. அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஆட்சியில் தலைமைச் சட்ட அதிகாரியாயிருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, 1980 ஏப்ரல் 25ஆம் நாள், ஒதுக்கீடு இல்லாத அலுவலகம் பணியை ஒழுங்காக முடித்து மூடுவதற்கு மட்டுமே சட்டம் இடந்தருகிறது என்று தெளிவுபடுத்தினார். ஒரு வாரத்திற்குள் அக்கருத்துரை செயல் வடிவம் பெற்றது. மே முதல் நாள் கூட்டரசு வணிக ஆணையம் ஒதுக்கீடின்மையால் மூடப்பட்டது. ஏறத்தாழ 1,600 ஊழியர்கள் ஒரு நாள் வேலையிழந்து நின்றனர். அமெரிக்க வரலாற்றில் இக்காரணத்தால் ஓர் அரசு அலுவலகம் கதவடைத்தது இதுவே முதன்முறை.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், வரவு செலவுத் திட்டத்தை மேற்பார்க்கும் அதிபரின் அலுவலகம், ஒதுக்கீடு தவறினால் மூடுவதற்கான திட்டங்களை வகுக்குமாறு எல்லாத் துறைகளையும் பணித்தது. 1981 ஜனவரி 16ஆம் நாள் சிவிலெட்டி தம் இரண்டாம் கருத்துரையில், உயிர்ப் பாதுகாப்பு, உடைமைப் பாதுகாப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய பணிகள் தொடரலாம் என விலக்களித்தார். வானூர்திகளின் போக்குவரத்தை நெறிப்படுத்துவோர், சிறைக் காவலர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோர் பணியில் நீடிக்கும் முறை இவ்வாறே தோன்றிற்று. ஆயத்தம் என்னும் சொல் அமெரிக்க அரசு அலுவலகத்தில் புதுப்பொருள் பெற்றது அன்றுதான்.

அதற்கு நீண்ட நாள் காத்திருக்க நேரவில்லை. 1981 நவம்பர் 23ஆம் நாள் அதிபர் ரோனால்டு ரேகன் ஓர் ஒதுக்கீட்டு மசோதாவை மறுத்தொதுக்கவே, 2,41,000 ஊழியர்கள் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். அன்றே இடைக்கால ஒதுக்கீடு நிறைவேறியதால், மறுநாள் அவர்கள் பணிக்குத் திரும்பினர். 1984ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் இத்தகைய குறுகிய முடக்கங்கள் நேர்ந்தன. நாட்கணக்கில் முடியும் இடர் என்றே ஊழியர்கள் அதனைக் கருதினர்.

பிற நாடுகளில் இல்லாத இடர்

இத்தகைய முடக்கம் நாடாளுமன்ற ஆட்சி முறையைப் பின்பற்றும் நாடுகளில் நிகழ்வதில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அம்முறையில் அரசின் செலவுக்கான பணத்தை மன்றம் மறுக்குமாயின், அது நம்பிக்கையின்மையாகவே கொள்ளப்படும். அமைச்சரவை விலகும் அல்லது தேர்தல் நடைபெறும். 1975ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மேலவை பண மசோதாவை ஒத்திப்போட்டபோது நிகழ்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். நவம்பர் 11ஆம் நாள் தலைமை ஆளுநர், பிரதமர் கஃப் விட்லமைப் பதவி நீக்கினார்; அன்றே பண மசோதாவும் நிறைவேறியது. தலைமை மாறியது, ஊழியரின் ஊதியம் நிற்கவில்லை.

அமெரிக்காவிலோ அதிபரும் காங்கிரசும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பணம் ஒதுக்கப்படவில்லை என்பதற்காக எவரும் பதவி இழப்பதில்லை. பூசலிடும் இரு தரப்பாரும் தத்தம் இருக்கையிலேயே அமர்ந்திருக்க, பூசலின் சுமை நடுவிலுள்ள ஊழியன் மீது இறங்குகிறது. ஆகவேதான், அங்கே ஆயத்தம் செய்யும் கடமை ஆள்வோருக்கு இல்லாமல் ஊழியருக்கு வந்து சேர்ந்தது.

அலுவலகத்தின் ஆயத்தம்

முடக்கத்திற்கான ஆயத்தம் இரு முகங்களை உடையது. ஒன்று அலுவலகத்தில் நிகழ்வது. மற்றொன்று இல்லத்தில் நிகழ்வது. முன்னது காகிதத்தாலானது. ஒவ்வொரு துறையும் தன் பணிகளைப் பட்டியலிட்டு, எவை தொடரும், எவை நிற்கும், எத்தனை பேர் இருப்பர், எத்தனை பேர் செல்வர் என்று முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்து விலங்குகளுக்குத் தீனி வைப்பவர் யார், கட்டடத்தின் நீர்க்குழாய் வெடித்தால் வருபவர் யார் என்பன போன்ற சிறு செய்திகளும் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியவையே.

ஊழியர்கள் மூன்று வகையினராகப் பிரிக்கப்படுகின்றனர். ஆண்டு ஒதுக்கீட்டைச் சாராமல், கட்டணத்தாலோ வேறு நிதியாலோ ஊதியம் பெறுவோர் முதல் வகையினர். அஞ்சல்துறை ஊழியர் இவ்வகையைச் சார்ந்தவராதலின் அவர்களை முடக்கம் தீண்டுவதில்லை. உயிரையும் உடைமையையும் காக்கும் பணியினர் இரண்டாம் வகையினர். அவர்கள் வேலைக்கு வந்தாக வேண்டும், ஆனால் முடக்கம் தீரும்வரை ஊதியம் கைக்கு வராது. ஏனையோர் கட்டாய விடுப்பில் அனுப்பப்படும் மூன்றாம் வகையினர்.

ஒதுக்கீடு தவறிய முதல் வேலை நாளில் கட்டாய விடுப்புக்குரியவர்களும் அலுவலகம் வருவது வழக்கம். ஏறத்தாழ அரை நாள் அவர்களுக்கு அளிக்கப்படுகிறது. விடுப்புக் கடிதத்தைப் பெற்றுக் கையொப்பமிடுதல், குறித்த கூட்டங்களைக் கைவிடுதல், தொலைபேசியில் தாம் இல்லாமையை அறிவிக்கும் குரலைப் பதித்தல், கோப்புகளைப் பூட்டி வைத்தல் ஆகியவற்றோடு அவர்களின் பணி முடிகிறது. அதன்பின், வீட்டிலிருந்தவாறே ஒரு மின்னஞ்சலைப் படித்து மறுமொழி எழுதுவதும் குற்றம். 2011 ஏப்ரல் 8ஆம் நாள் நள்ளிரவிற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே இருந்தபோது ஒரு முடக்கம் தவிர்க்கப்பட்டது. அதற்கு முந்திய நாட்களில், அரசு வழங்கிய கைத்தொலைபேசியைத் தொடவே கூடாது என்று ஊழியர் பலருக்கு அறிவுறுத்தப்பட்டது. 1884ஆம் ஆண்டின் விதி, கைத்தொலைபேசிக்கும் பொருந்தி நின்றது!

தன் ஆராய்ச்சி பாதியில் நிற்பதைக் காணும் அறிவியலாளருக்கும், தன் உதவியை நாடிய முதியவரின் விண்ணப்பம் மேசை மேல் கிடப்பதை அறிந்த எழுத்தருக்கும் இத்தடை எத்துணைக் கடினமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இலவசமாகவேனும் செய்து முடிப்போம் என்று முன்வரும் நல்லுள்ளத்தையும் சட்டம் வேலிக்கு வெளியே நிறுத்துகிறது.

சுட்ட சொல்

1995ஆம் ஆண்டில் அதிபர் பில் கிளிண்டனுக்கும், நியூட் கிங்ரிச் தலைமையில் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பெற்றிருந்த குடியரசுக் கட்சியினருக்கும் இடையே வரவு செலவுத் திட்டம் பற்றிய பூசல் மூண்டது. நவம்பர் 14ஆம் நாள் ஏறத்தாழ 8,00,000 ஊழியர்கள் வீடு திரும்பினர். அம்முடக்கம் ஐந்து நாட்களில் தீர்ந்தது. ஆனால், டிசம்பர் 16ஆம் நாள் தொடங்கிய அடுத்த முடக்கம் கிறிஸ்துமசையும் புத்தாண்டையும் விழுங்கி, 1996 ஜனவரி 6ஆம் நாள் வரையில் 21 நாட்கள் நீடித்தது.

அக்காலத்தில் வழக்கிலிருந்த இரு சொற்கள் ஊழியரின் உள்ளத்தைச் சுட்டன. பணியில் இருத்தப்பட்டோர் ‘இன்றியமையாதோர்’ எனவும், அனுப்பப்பட்டோர் ‘இன்றியமையாதவர் அல்லர்’ எனவும் அழைக்கப்பட்டனர். இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே மேசையில் உழைத்தவர், தாம் வேண்டாதவர் என்னும் முத்திரையோடு வீடு திரும்பி, மனைவி மக்களிடம் அதனைக் கூற வேண்டியதாயிற்று. பின்னர் அரசாங்க ஏடுகளில் அச்சொற்கள் நீக்கப்பட்டு, ‘விலக்களிக்கப்பட்டோர்’, ‘விலக்களிக்கப்படாதோர்’ என்னும் சொற்கள் இடம்பெற்றன. சொல் மாறியது, ஆயினும் பழைய சொல் மக்கள் வழக்கில் இன்றும் வாழ்கிறது. ஒரு சொல் மனிதனின் மதிப்பை எவ்வாறு ஏற்றவும் இறக்கவும் வல்லது என்பதற்கு இது நற்சான்றாகும்.

இல்லத்தின் ஆயத்தம்

1995ஆம் ஆண்டின் பட்டறிவு ஊழியர்களுக்கு ஒரு புதிய கணக்கைக் கற்பித்தது. அமெரிக்கக் கூட்டரசு ஊழியர் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊதியம் பெறுபவர். எனவே, முடக்கம் தொடங்கிய உடனே கை வறண்டு விடுவதில்லை. முதலில் வரும் ஊதியம் ஏற்கெனவே உழைத்த நாட்களுக்குரியது. அது குறைந்தோ முழுமையாகவோ வந்து சேரும். அதற்கடுத்த ஊதிய நாளில்தான் வெறுமை வெளிப்படும். முடக்கம் எத்தனை நாள் என்பதை விட, எத்தனை ஊதிய நாட்களைத் தாண்டுகிறது என்பதே குடும்பத்தின் கவலை.

இக்கணக்கை ஒட்டியே இல்லத்தின் ஆயத்தங்கள் அமைகின்றன. செப்டம்பர் நெருங்குகையில் முன்னெச்சரிக்கையுள்ள குடும்பங்கள் பெரிய செலவுகளைத் தள்ளி வைக்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிக்கப்படும் தவணைகள் எவை, எந்நாளில் கழியும் என்று குறித்து வைக்கின்றன. வீட்டுக் கடன் வழங்கிய வங்கிக்கும், வீட்டுச் சொந்தக்காரருக்கும், மின்சார நிறுவனத்திற்கும் எழுத வேண்டிய கடிதங்கள் ஆயத்தமாகின்றன. இத்தகைய கடிதங்களுக்கு மாதிரிகளைப் பணியாளர் நிருவாக அலுவலகமே வெளியிட்டது. அரசாங்கமே தன் ஊழியருக்குக் கடன்காரரிடம் தவணை கேட்கும் கடிதத்தை எழுதிக் கொடுத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூட்டரசு ஊழியரைப் பெரும்பாலும் உறுப்பினராகக் கொண்ட கூட்டுறவுக் கடன் சங்கங்கள், வட்டியில்லாக் கடன்களை வழங்க முன்வந்தன. கட்டாய விடுப்பில் உள்ளோர் மாநிலங்களின் வழியே வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்; பின்னர் நிலுவை ஊதியம் வந்ததும் அத்தொகையைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். ஆனால், ஊதியமின்றிப் பணிக்கு வருவோருக்கு இவ்வுதவி பொதுவாகக் கிட்டுவதில்லை. ஏனெனில், அவர்கள் வேலையில் இருப்பவர்கள்! இடைக்காலத்தில் வேறு வேலை தேடலாமெனினும், வெளி வேலை பற்றிய ஒழுக்க விதிகள் முடக்கத்தின்போதும் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. கணவனும் மனைவியும் கூட்டரசு ஊழியர்களாயின் இரு வருவாயும் ஒரே நாளில் நின்று போகும்.

முடக்கம் என்றதும் தலைநகர் வாஷிங்டன் மட்டுமே பலர் நினைவிற்கு வருவதுண்டு. உண்மையில், கூட்டரசு ஊழியருள் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேற்பட்டோர் தலைநகர் வட்டாரத்திற்கு வெளியே வாழ்கின்றனர். ஒரு தேசியப் பூங்காவை நம்பியே வாழும் சிற்றூரில், பூங்கா ஊழியரின் கை வறண்டால் மளிகைக் கடையும் உணவகமும் உடன் வாடுகின்றன.

2013 அக்டோபர் முதல் நாள் தொடங்கிய 16 நாள் முடக்கத்தின்போது, இவ்வாயத்தங்கள் பெருமளவில் சோதிக்கப்பட்டன. அம்முடக்கத்தில் 66 இலட்சம் பணி நாட்கள் வீணாயின எனவும், செய்யப்படாத அப்பணிக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் ஊதியமாகப் பின்னர் வழங்கப்பட்டது எனவும் அரசின் அறிக்கை கூறிற்று. சிக்கனத்தின் பெயரால் எழுந்த பூசல், உழைப்பைப் பெறாமலே ஊதியம் வழங்கும் முடிவைத் தந்தது.

முப்பத்தைந்து நாட்கள்

2018 டிசம்பர் 22ஆம் நாள், மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்ப அதிபர் டொனால்டு டிரம்ப் கோரிய 570 கோடி டாலர் பற்றிய பூசலினால் மற்றொரு முடக்கம் தொடங்கியது. சில துறைகளுக்கு ஒதுக்கீடு முன்னரே நிறைவேறியிருந்தமையால் அது பகுதி முடக்கமே. ஆயினும், ஏறத்தாழ 8,00,000 ஊழியர்கள் அதன் பிடியில் சிக்கினர். அவருள் ஏறக்குறைய 3,80,000 பேர் வீட்டிலிருந்தனர். 4,20,000 பேர் ஊதியமின்றிப் பணியாற்றினர். ஜனவரி 11ஆம் நாள் வெற்று ஊதியச் சீட்டு வந்தது. 25ஆம் நாள் மற்றொன்று வந்தது.

ஒரு மாத ஊதியமிழப்பை ஈடுகட்டும் சேமிப்பு எல்லாக் குடும்பங்களிலும் இருக்கவில்லை. தலைநகரில் ஹோசே ஆண்ட்ரேஸ் என்னும் சமையற்கலைஞர் நிறுவிய அறக்கொடை அமைப்பு, அரசு ஊழியருக்கு இலவச உணவு வழங்கும் சமையற்கூடத்தைத் திறந்தது. விமான நிலையங்கள் சிலவற்றில், பயணிகளைச் சோதிக்கும் காவலருக்கு உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. கடலோரக் காவற்படையினர் ஜனவரி 15ஆம் நாள் ஊதியம் பெறவில்லை. ஒதுக்கீடின்மையால் படைவீரருக்கும் ஊதியம் தவறியது. அப்படையின் ஊழியருக்கென வெளியிடப்பட்ட குறிப்பொன்றில், பழைய பொருள்களை விற்றும், பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும், நாய்களை உலாவ அழைத்துச் சென்றும் பொருளீட்டலாம் என்னும் யோசனைகள் இடம்பெற்றிருந்தன. பலரும் வருந்தவே, அக்குறிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது.

நாட்கள் செல்லச் செல்ல, பணிக்கு வருவதற்கான எரிபொருட் செலவும் குழந்தைக் காப்பகக் கட்டணமும் இன்றிப் பலர் வராதொழிந்தனர். ஜனவரி 20ஆம் நாள் விமான நிலையச் சோதனைக் காவலருள் பத்தில் ஒருவர் பணிக்கு வரவில்லை. 25ஆம் நாள் காலை, வான் போக்குவரத்து நெறியாளர் பற்றாக்குறையால் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திற்கு வரும் வானூர்திகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அன்று மாலைக்குள் முடக்கத்திற்கு முடிவு காணப்பட்டது. சுவருக்குக் கோரிய பணம் அதில் இல்லை. நாட்டின் உற்பத்தியில் 1,100 கோடி டாலர் குறைந்ததாகவும், அதில் 300 கோடி டாலர் மீளவே மீளாது எனவும் காங்கிரசின் வரவு செலவு அலுவலகம் மதிப்பிட்டது.

சட்டம் தந்த உறுதியும் அதன் சோதனையும்

அம்முடக்கத்தின் நடுவே, 2019 ஜனவரி 16ஆம் நாள், ஒரு சட்டம் கையொப்பமாயிற்று. இனி நேரும் முடக்கங்களில் வீட்டிலிருப்போர், பணியாற்றுவோர் ஆகிய இரு சாராருக்கும் நிலுவை ஊதியம் வழங்கப்படும் என்பதே அதன் சாரம். அதற்கு முன்னர் ஒவ்வொரு முறையும் காங்கிரசின் கருணையை நோக்கி நிற்க வேண்டியிருந்தது. எனினும், அரசுக் கட்டடங்களைத் துடைத்துத் தூய்மை செய்வோர், சிற்றுண்டிச் சாலையில் உணவு பரிமாறுவோர் முதலிய ஒப்பந்தத் தொழிலாளரை அச்சட்டம் காக்கவில்லை. அவர்கள் இழந்த நாட்கள் இழந்தவையே. ஆயத்தம் செய்வதற்குரிய வருவாயே இல்லாதவர்கள் அவர்கள்தாம்.

2025 அக்டோபர் முதல் நாள், உடல்நலக் காப்புறுதிக்கான அரசு மானியம் பற்றிய பூசலால் மீண்டும் கதவடைப்பு நேர்ந்தது. இம்முறை ஏறத்தாழ 14 இலட்சம் ஊழியர்கள் ஊதியமின்றி நின்றனர். அவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் பணிக்கு வந்துகொண்டிருந்தனர். முன்னைய முடக்கங்களில் இல்லாத ஓர் அச்சமும் உடன் சேர்ந்தது. முடக்கம் நேர்ந்தால் நிரந்தர ஆட்குறைப்பை எண்ணிப் பார்க்குமாறு துறைகளுக்கு முன்பே கட்டளை சென்றிருந்தது. அக்டோபர் 10ஆம் நாள் ஏறத்தாழ 4,000 பேருக்குப் பணிநீக்க அறிவிப்பு அனுப்பப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் நிலுவை ஊதியத்தைத் தானாகவே உறுதி செய்யவில்லை என்னும் விளக்கமும் ஆட்சியாளர் தரப்பிலிருந்து எழுந்தது. வாடகைக்கும் பாலுக்கும் ஆயத்தம் செய்திருந்த ஊழியன், வேலையே பறிபோகும் நிலைக்கும் ஆயத்தம் செய்ய வேண்டியவனானான்.

நவம்பரில் நெறியாளர் பற்றாக்குறை மீண்டும் தலைதூக்கியது. நாட்டின் 40 பெரிய விமான நிலையங்களில் பயணங்களைக் குறைக்குமாறு உத்தரவு பிறந்தது. 43ஆம் நாளாகிய நவம்பர் 12ஆம் நாள் ஒதுக்கீட்டுச் சட்டம் கையொப்பமாயிற்று. நிலுவை ஊதியத்திற்கு அச்சட்டம் வழி செய்தது; முடக்கத்தின்போது நிகழ்ந்த பணிநீக்கங்களையும் நீக்கியது. முப்பத்தைந்து நாட்கள் என்னும் பழைய எல்லை கடக்கப்பட்டது.

வரலாறு புகட்டும் பாடம்

1980ஆம் ஆண்டில் ஒரே நாள் நீடித்த புதுமை, நாற்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பத்து மூன்று நாள் துன்பமாக வளர்ந்தது. இக்காலத்தில் ஊழியரின் ஆயத்தமும் வளர்ந்து வந்துள்ளது. கடிதங்கள், கடன் சங்கங்கள், உணவு வழங்கும் அறச்சாலைகள், நிலுவை ஊதியச் சட்டம் என ஒவ்வொரு முடக்கமும் அடுத்ததற்கான ஒரு தற்காப்பை விட்டுச் சென்றது. வருமுன் காத்தல் போற்றத்தக்க பண்பே என்பதில் ஐயமில்லை. ஆயினும், அப்பண்பிற்குள் ஒரு முரண் அடங்கியுள்ளது. ஊழியன் எத்துணை நாள் தாங்குவான் என்பது தெரிந்துவிட்டால், அத்துணை நாள் பூசலிடலாம் என்னும் துணிவு பூசலிடுவோருக்கு வந்து விடுகிறது. ஊழியன் தன் சேமிப்பால் எழுப்பிய அணை, அவனைக் காப்பதோடு, பூசலின் வெள்ளம் ஆள்வோரைத் தீண்டாமலும் காத்து நிற்கிறது.

1884ஆம் ஆண்டின் சட்டத்தை ஈண்டு மீண்டும் நினைவுகூர்தல் தகும். ஊதியமற்ற உழைப்பைக் காட்டி மக்கள் மன்றத்தை நெருக்கும் வழக்கத்தை ஒழிக்கவே அது பிறந்தது. இன்றோ, அச்சட்டம் விட்டுவைத்த விலக்கின் வழியே பல இலட்சம் பேரின் ஊதியமற்ற உழைப்பு, முடங்கிய அரசின் உயிர் போகாமல் தாங்கி நிற்கிறது. அவ்வுழைப்பு உள்ளவரை பூசல் நீள்கிறது. 2019ஆம் ஆண்டில் அது ஓரிடத்தில் தளர்ந்த அன்றே தீர்வும் வந்தது. எந்தத் தீமையைத் தடுக்கச் சட்டம் எழுந்ததோ, அத்தீமையே வேறு வடிவில் அச்சட்டத்தின் நிழலில் குடியேறியிருப்பதை வரலாறு காட்டுகிறது.

அரசு என்பது மாளிகைகளும் முத்திரைகளும் அன்று. காலையில் எழுந்து பணிக்குச் செல்லும் மனிதர்களின் கூட்டமே அரசு. அவர்களிடம் கடமையைக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. அவர்களுக்கு உரிய நாளில் ஊதியம் அளிக்கும் கடமையும் அதே அளவு உண்டு. 2019ஆம் ஆண்டின் அந்த வெற்று ஊதியச் சீட்டுகளைக் கையிலேந்தியவாறே மறுநாளும் பணிக்குச் சென்றவர்கள், தங்கள் பங்கு உடன்படிக்கையைக் காத்தவர்கள். மறுபங்கைக் காக்க வேண்டியவர்கள், ஆயத்தமாக வேண்டிய கடமை ஊழியனுக்கு மட்டுமே உரியதன்று என்பதை உணரும் நாள்வரை, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் நெருங்குகையில் அமெரிக்க ஊழியரின் இல்லங்களில் அந்தப் பழைய கணக்கு மீண்டும் எழுதப்பட்டுக்கொண்டேயிருக்கும்.